ஐந்து மாதிரிகளும் ஒரு தாய் வரிசையும்

நான் வேலை பார்த்த ஆய்வகத்தில் புதிதாக ஒரு மென்பொருள் வாங்கியிருக்கிறார்கள். போன மாதம் ஓய்வூதிய வேலையாக அங்கே போனபோது, என் இடத்துக்கு வந்திருக்கும் நித்யா அதை ஓட்டிக் காட்டினார். பத்துப் பாக்டீரியாக்களின் விவரத்தை உள்ளே கொடுத்து ஒரு பொத்தானை அழுத்தினால், டீ ஆறுவதற்குள் அவற்றின் மூதாதை எப்படி இருந்திருக்கும் என்று திரையில் வந்துவிடுகிறது. வண்ண வண்ணக் கட்டங்கள். ஒரே ஒரு மூதாதை.

"எவ்வளவு சுத்தமா வருது பாத்தீங்களா சார்?" என்றார்.

"இதே மாதிரி வேற எத்தனை வந்துச்சுன்னு அது சொல்லுமா?" என்று கேட்டேன். நான் எதற்குக் கேட்கிறேன் என்று அவருக்கு விளங்கவில்லை. விளக்க வேண்டுமென்றால் ஒரு மருத்துவமனை விஷயத்தை முழுதாகச் சொல்ல வேண்டும். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். அதைத்தான் இப்போது எழுதுகிறேன். ஆட்களின் பெயர்களை மாற்றிவிட்டேன். மருத்துவமனையின் பெயரைச் சொல்லப்போவதில்லை.

எனக்குச் சொந்த ஊர் அமராவதிபுதூர். அப்பா விவசாயம். நான் கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்தேன். கம்ப்யூட்டர் என்றால் பெரிய விஷயமாக இருந்த காலத்தில் ஒரு நூற்பாலையில் புரோகிராம் எழுதினேன். ஆலை மூடிய பிறகு, காரைக்குடியிலிருந்து தேவகோட்டை போகிற சாலையில் ஓர் அறக்கட்டளை நடத்திய சிறிய உயிரியல் ஆய்வகத்தில் சேர்ந்தேன். உயிரியலில் எனக்குத் தெரிந்தது பத்தாம் வகுப்புப் பாடம் மட்டுமே. சேர்ந்த புதிதில் ஆறு மாதம் நான் எழுதிய புரோகிராம் எதற்காக என்றே தெரியாமல் எழுதினேன். பிறகு மெல்ல மெல்லப் பிடிபட்டது.

வேலை இதுதான். ஓர் உயிரின் மரபணுக்கள் வரிசையாக நிற்கின்றன. காலப்போக்கில் அந்த வரிசை கலைகிறது. காரைக்குடி ஜங்ஷனில் ஒரு ரயிலை நிறுத்தி, நடுவில் உள்ள நாலு பெட்டிகளைக் கழற்றி, அந்தக் கோர்வையை அப்படியே திருப்பி மாட்டிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். பெட்டிகள் அதேதான். ஆனால் அந்த நாலும் இப்போது தலைகீழ் வரிசையில், எதிர்ப்பக்கம் பார்த்து நிற்கும். மரபணுக்களிலும் இப்படித்தான் ஒரு துண்டு புரண்டு திரும்ப ஒட்டிக்கொள்ளும். இன்று இருக்கும் உயிர்களின் வரிசைகளை வைத்து, அவை எல்லாவற்றுக்கும் மூலமான தாய் வரிசை எப்படி இருந்திருக்கும், மிகக் குறைந்த புரளல்களில் அதிலிருந்து இவை எல்லாம் எப்படி வந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்குப் போடுவது என் வேலை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. புரண்டது இன்னொரு முறை புரண்டால் பழையபடி ஆகிவிடும். ஆகவே இரண்டு வரிசைகளை மட்டும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது முந்தியது, எது அதிலிருந்து வந்தது என்று சொல்லவே முடியாது. புரளல்களின் எண்ணிக்கையைத்தான் தூரம் என்போம்; இங்கிருந்து அங்கே போகிற தூரமும், அங்கிருந்து இங்கே வருகிற தூரமும் ஒன்றுதான். வெளியிலிருந்து மூன்றாவதாக ஓர் உறவுக்கார உயிரைக் கொண்டுவந்து ஒப்பிட வேண்டும்; அது எதோடு ஒத்துப்போகிறதோ அதுதான் பழைய வரிசை. பின்னால் நான் பட்ட அவஸ்தை எல்லாம் இந்த இடத்தில்தான்.

ஆய்வகத்தின் இயக்குநர் டாக்டர் உமையாள். உயரமான, ஒல்லியான பெண்மணி. உட்கார்ந்து பேசமாட்டார். நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, கண்ணாடியைக் கழற்றிச் சேலை முந்தியில் துடைத்துக்கொண்டே திரையைப் பார்ப்பார். கோபம் வந்தால் குரல் இன்னும் தணியும். அதனால் அவர் மெதுவாகப் பேசத் தொடங்கினாலே நாங்கள் செய்த கணக்கை மறுபடி பார்ப்போம்.

என் முதல் பெரிய வேலை பயறு வகைச் செடிகளின் இலைக்குப் பச்சை நிறம் தரும் பசுங்கணிகத்தில் உள்ள மரபணு வரிசை. தட்டாம்பயறு, உளுந்து, கொள்ளு, துவரை இவற்றுக்கெல்லாம் பொதுவான மூதாதை வரிசையை என் புரோகிராம் கண்டுபிடித்துவிட்டது. சந்தோஷமாக அச்சடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

"நல்லாருக்கு பாலு. வேற வழி இருக்கா?" என்றார்.

"இதுதான் மேடம் குறைஞ்ச தூரம்."

"இதே தூரத்துல வேற வழி இருக்கான்னு கேட்டேன்."

நான் பார்த்திருக்கவில்லை. முதலில் கிடைத்த விடையோடு நிற்கும்படி புரோகிராமை எழுதியிருந்தேன். மாற்றி எழுதி ஓட்டினேன். அதே தூரத்தில் இன்னொரு மூதாதை வந்தது. பிறகு இன்னொன்று. அச்சு இயந்திரம் தாள்களைத் தள்ளிக்கொண்டே இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவர் ஒரு பென்சிலை என் கையில் கொடுத்து, எல்லாத் தாள்களிலும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கிற மரபணுக்களை மட்டும் அடிக்கோடிடச் சொன்னார். முடித்ததும், "கோடு போட்டது மட்டுந்தேன் நமக்குத் தெரியும். மத்ததெல்லாம் மெஷினோட ஆசை" என்றார்.

அன்றிலிருந்து ஆய்வகத்தில் சில முறைகள் வந்தன. ஒரே தரவை உள்ளே கொடுக்கும் ஒழுங்கை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பல முறை ஓட்ட வேண்டும். சம தூரத்தில் பல விடைகள் இருக்கும்போது புரோகிராம் சோம்பேறித்தனமாக முதலில் கண்ணில் பட்டதை எடுத்துக்கொள்ளும் என்பது அதில்தான் தெரியவரும். இரண்டாவது, கணக்குப் போடுகிற ஆளுக்கு எந்த மாதிரி யாருடையது என்று தெரியக்கூடாது. பெயரை எடுத்துவிட்டு அ, ஆ, இ என்று எழுத்துப் போட்டுத்தான் தருவார். மூன்றாவது, அறிக்கையில் 'நிச்சயமாக' என்ற சொல் வந்தால் அடித்துவிடுவார்.

அந்த மருத்துவமனை விஷயம் நான் ஓய்வு பெறுவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பு வந்தது. அதற்குள் பாக்டீரியாவின் மரபணுத் தொகுதி முழுவதையும் ஒரே நீளமாக வாசிக்கிற சிறிய கருவி எங்களிடம் வந்துவிட்டது. ஒரு நாள் காலை உமையாள் மேடம் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார்.

"ஐந்து மாதிரி. அ முதல் உ வரைக்கும். ஒரே கிருமி, க்ளெப்சியெல்லா. எது மத்ததுக்குத் தாயா இருக்க முடியும், எது இருக்க முடியாதுன்னு பாக்கணும். அவசரம்."

"எங்க இருந்து மேடம்?"

அவர் திரும்பித் தன் அறைக்குப் போய்விட்டார். கேட்டிருக்கக் கூடாதுதான்.

வாசித்து முடித்து வரிசைகளை எடுத்ததும் படம் எளிமையாகத் தெரிந்தது. அ, ஆ, இ, ஈ நான்கும் ஒரே வரிசை. உ மட்டும் வேறு. அதில் ஒரு பெரிய துண்டு புரண்டிருந்தது. அல்லது உ சரியாக இருந்து, மற்ற நான்கும் புரண்டதிலிருந்து வந்திருக்கலாம். நான் முன்பே சொன்ன சிக்கல். நான்கு பேர் ஒரு பக்கம், ஒருவர் ஒரு பக்கம் என்பதால் எதுவும் தீர்ந்துவிடாது. புரண்டது ஒரே முறைதான். எந்தப் பக்கமாக என்பதுதான் தெரியவில்லை.

மறுநாள் மதியம் காவலாளி போன் செய்தார். என்னையோ மேடத்தையோ பார்க்க வேண்டும் என்று ஒரு பெண் வந்து நிற்பதாகச் சொன்னார். மேடம் மதுரைக்குப் போயிருந்தார். நான் போனேன். முப்பது வயது இருக்கும். வாசலில் உள்ள வேப்பமரத்தடியில் நின்றிருந்தார்.

"சார், என் பேரு ஜெயராணி. கீழச்சிவல்பட்டி. நர்ஸா இருக்கேன். மாதிரியெல்லாம் இங்கதேன் வந்திருக்குன்னு எங்க லேப்ல சொன்னாக. அஞ்சுல ஒண்ணு என்னோடது."

எனக்குப் பதறியது. "அம்மா, அதப் பத்தி நான் எதுவும் பேசக்கூடாது."

"நீங்க ஒண்ணும் பேச வேணாம் சார். நான் சொல்றத மட்டும் கேளுங்க."

அவர் சொன்னார். அவர் வேலை பார்த்தது பச்சிளங்குழந்தைகள் வார்டில். அங்கே மூன்று குழந்தைகளுக்குக் காய்ச்சல் வந்தது. மூன்றின் இரத்தத்திலும் ஒரே கிருமி. ஒரு குழந்தை பிழைக்கவில்லை. வார்டில் எல்லோருடைய கையையும் பஞ்சுக் குச்சியால் துடைத்துப் பார்த்தபோது ஜெயராணியின் கையில் மட்டும் அந்தக் கிருமி வளர்ந்தது. வாஷ்பேசினின் வடிகாலிலும் வளர்ந்தது. ஆனால் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். செய்தி வெளியே போய், இறந்த குழந்தையின் தகப்பன் அவரைத் தேடி வந்திருக்கிறார்.

"அவரு அடிக்க வரல சார். அடிச்சிருந்தாக்கூடத் தேவலை. 'நீதானாம்மா?'ன்னு மட்டும் கேட்டாரு. இல்லைன்னு சொல்ல எனக்கு வாய் வரல. எனக்கே தெரியாதே. நானா இருந்தா நானுன்னே சொல்லிருங்க. தெரியாம இருக்கிறதுதேன் முடியல."

பேச்சின் நடுவே அவர் மருத்துவமனையின் பெயரைச் சொன்னார். அதற்குப் பிறகு அவர் சொன்ன எதுவும் எனக்குச் சரியாகக் காதில் விழவில்லை. என் மகள் தேன்மொழி தலைப்பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். அதே மருத்துவமனையில்தான் பதிந்து வைத்திருந்தோம். நாள் நெருங்கிக்கொண்டிருந்தது.

மேசைக்குத் திரும்பி வந்து திரையைப் பார்த்தேன். அதுவரை எழுத்துகளாக இருந்தவை குழந்தைகளாகவும் ஒரு நர்ஸாகவும் வாஷ்பேசினாகவும் மாறிவிட்டன. உ யாருடையது என்று எனக்குத் தெரியாது. ஆனால் தனித்து நிற்பது ஜெயராணியுடையதாகத்தான் இருக்கும் என்று மனம் சொன்னது. உ தாயாக இருந்துவிட்டால் நல்லது என்றும் சொன்னது. தாய் அந்தப் பெண்ணின் கையில் இருந்தது என்றால், அவரை நிறுத்தியாகிவிட்டது, வார்டு சுத்தம், என் மகள் அங்கே போகலாம். இப்படி நினைக்கிறோமே என்று எனக்கே உடம்பு கூசியது. சற்று முன்புதான் அவர் என் முன்னால் நின்று பேசிவிட்டுப் போயிருக்கிறார்.

வீட்டில் சாப்பிட உட்கார்ந்தபோது மனைவி சரசுவிடம் சொன்னேன். "பிரசவத்துக்குத் தேவகோட்டைக்குப் போயிருவோமா? அங்கயும் நல்ல ஆஸ்பத்திரி இருக்குல்ல."

"என்னத்துக்கு? இங்க எல்லாம் பாத்து வச்சிருக்கு. அந்த டாக்டரம்மாதேன் மூணாம் மாசத்துல இருந்து பாக்குறாக. என்ன திடீர்னு?"

"காரணம் கேக்காத."

"காரணம் கேக்காம எப்படி? பிள்ளத்தாச்சிய வச்சுக்கிட்டு வெளையாடுறீகளா?"

தேன்மொழி என் முகத்தையே பார்த்தாள். "ஏம்ப்பா, என்னோட ஸ்கேன்ல எதுவும் இருக்கா? எங்கிட்ட மறைக்கிறீகளா?" என்றாள். இல்லை என்று சத்தியம் செய்தேன். அவள் நம்பவில்லை. சோற்றை அளைந்துகொண்டே இருந்தாள். சொல்லக் கூடாத ஒன்றை மறைக்கப் போய், இல்லாத ஒன்றை நினைத்து அவள் பயப்படும்படி செய்துவிட்டேன்.

மறுநாள் மேடம் வந்ததும் நடந்ததை எல்லாம் சொன்னேன். நர்ஸ் வந்தது, மருத்துவமனை எதுவென்று தெரிந்தது, என் மகள், நான் மனதில் ஆசைப்பட்டது உட்பட. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார். குரல் தணிந்தது.

"உங்க பொண்ண எங்க வேணாலும் கூட்டிட்டுப் போங்க பாலு. பெத்தவரு அப்படித்தேன் செய்வாரு. ஆனா இன்னைக்கு அந்த வார்டுல கெடக்குற பிள்ளைகளோட அப்பனுக்கு யாரு சொல்றது?"

அவர் அங்கேயே நின்றபடி மருத்துவமனையின் தலைமை மருத்துவருக்குப் போன் போட்டார். ஒலிபெருக்கியில் வைத்தார்.

"டாக்டர், எங்க வேலை முடியல. ஆனாலும் அந்த வார்டக் காலி பண்ணி, பிள்ளைகள வேற ரூமுக்கு மாத்தி வைங்க."

"எதுக்கு மேடம்? அந்த நர்ஸைத்தான் நிறுத்தியாச்சே."

"நிறுத்துன ஆளு தப்பான ஆளா இருந்தா?"

"நீங்க அப்படின்னு எழுத்துல குடுங்க, உடனே மாத்துறேன். சும்மா வார்டை மூடினா, தப்பு எங்க மேலதான்னு நாங்களே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும். பேப்பர்காரங்க வாசல்லயே நிக்கிறாங்க. உங்க கம்ப்யூட்டர் என்ன சொல்லுதுன்னு ஒரே வரியில சொல்லுங்களேன்."

"இன்னும் ஒண்ணும் சொல்லல" என்று வைத்துவிட்டார். என் பக்கம் திரும்பினார். "இந்த வேலைய வேற ஆளுகிட்டக் குடுக்கணும். ஆனா வேற ஆளு இல்ல. அதனால ஓட்டுறதுக்கு முன்னாடியே எங்கிட்டச் சொல்லுங்க. எது வந்தா ஏத்துக்குவீக, எது வந்தா ஏத்துக்க மாட்டீக? வந்த பிறகு சொல்லக்கூடாது."

யோசித்துச் சொன்னேன். வெளியிலிருந்து உறவுக்காரக் கிருமிகளைக் கொண்டுவந்து ஒப்பிடுவேன். எல்லா உறவுகளோடும், எந்த ஒழுங்கில் கொடுத்தாலும், ஒரே பக்கம் காட்டினால் ஏற்றுக்கொள்வேன். ஒன்று மாறினாலும் தெரியவில்லை என்றுதான் சொல்வேன். அவர் அதைத் தன் கையால் எழுதி, என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

உலகம் முழுவதும் பொதுவில் வைத்திருக்கும் தரவுகளிலிருந்து அந்தக் கிருமியின் உறவுகளை எடுத்தேன். முதல் உறவை வைத்து ஓட்டினேன். உ-வின் வரிசைதான் பழையது, மற்ற நான்கும் அதிலிருந்து வந்தவை என்றது. அந்த நொடியில் எனக்குள் ஏற்பட்ட நிம்மதியை நினைத்தால் இப்போதும் பயமாக இருக்கிறது. அங்கேயே நிறுத்தி அறிக்கை எழுதியிருந்தால் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள். தலைமை மருத்துவர் கேட்ட ஒரே வரி அதுதான்.

இரண்டாவது உறவை வைத்தேன். தலைகீழாக வந்தது. நான்கின் வரிசைதான் பழையது, உ புதியது என்றது. மூன்றாவது மறுபடி உ என்றது. புரண்ட துண்டின் இரு முனைகளையும் போய்ப் பார்த்தபோது காரணம் தெரிந்தது. இரண்டு முனையிலும் ஒரே மாதிரியான நீளமான பகுதி இருந்தது. அப்படி இருந்தால் அந்தத் துண்டு கதவைப் போல எப்போது வேண்டுமானாலும் இங்கும் அங்கும் புரளும். உறவுகளிலும் அது தன்பாட்டுக்குப் புரண்டிருக்கிறது. அந்த இடத்தை நம்பி எதையும் சொல்ல முடியாது.

"தெரியலன்னுதான் எழுதணும் மேடம்" என்றேன்.

"எழுதுவோம். அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லுங்க. உங்க புரோகிராம் எதையெல்லாம் பாக்கவே இல்ல?"

அந்தக் கேள்வியை அவர் அதற்கு முன் கேட்டதில்லை. நானும் யோசித்ததில்லை. வரிசைகளை ஒப்பிடுவதற்கு முன்னால் என் புரோகிராம் ஒரு வேலை செய்யும். எல்லா மாதிரிகளிலும் இருக்கிற மரபணுக்களை மட்டும் வைத்துக்கொண்டு, ஒன்றில் இருந்து இன்னொன்றில் இல்லாதவற்றை ஒதுக்கிவிடும். அப்போதுதான் கணக்கு எளிதாகும். இந்தத் துறையில் பலரும் அப்படித்தான் செய்துவந்தார்கள். ஒதுக்கியவற்றை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

திரும்பிப் பார்த்தேன். அ, ஆ, இ, ஈ நான்கிலும் புரண்ட துண்டுக்கு வெகு தூரத்தில், அடுத்தடுத்து நிற்கிற சில மரபணுக்கள் இருந்தன. உ-வில் அவை இல்லை. அவற்றின் இடப்பக்கத்து அண்டை மரபணுவும் வலப்பக்கத்து அண்டை மரபணுவும் அங்கே நேராக ஒட்டிக்கொண்டிருந்தன. நடுவில் நின்ற பெட்டிகளைக் கழற்றிவிட்டு இரு பக்கத்தையும் இணைத்தது போல.

உறவுகளைப் பார்த்தேன். முதல் உறவில் அந்த மரபணுக்கள் இருந்தன. அதே இடத்தில், அதே அண்டைகளுக்கு நடுவில், அதே ஒழுங்கில். இரண்டாவதிலும் இருந்தன. எடுத்த எல்லா உறவுகளிலும் இருந்தன. புரண்டது திரும்பப் புரளலாம். ஆனால் தொலைந்துபோன மரபணுக்கள் அதே இடத்தில், அதே வரிசையில் திரும்ப வந்து நிற்பது என்பது நடக்கக்கூடியதாக இல்லை. அப்படியானால் உ அவற்றை இழந்தது. இழந்த ஒன்று, இழக்காத நான்குக்கும் தாயாக இருக்க முடியாது.

கொடுக்கும் ஒழுங்கை மாற்றி மாற்றி ஓட்டினேன். வாசித்த கருவியே அந்த இடத்தைத் தவறவிட்டிருக்குமோ என்று அஞ்சி, உ-வை மீண்டும் வளர்த்து மீண்டும் வாசிக்கச் சொன்னேன். அந்தக் காத்திருப்பு என் உயிரை எடுத்தது. வீட்டுக்குப் போன் வரும்போதெல்லாம் மகளுக்கு வலி வந்துவிட்டதோ என்று திடுக்கிட்டேன். இரண்டாவது வாசிப்பும் அதையே சொன்னது. இல்லை. அந்த மரபணுக்கள் உ-வில் இல்லை.

மேடம் அப்போதுதான் எழுத்துகளுக்கு உரியவர்களைச் சொன்னார். அ, ஆ, இ குழந்தைகள். ஈ வாஷ்பேசின். உ ஜெயராணி.

"வாஷ்பேசின்தான் மூலம்னு எழுதலாமா மேடம்?"

"எப்படி? பிள்ளைகள்ல இருந்து வாஷ்பேசினுக்குப் போயிருந்தா? நாலும் ஒரே வரிசைன்னா எந்தப் பக்கமிருந்து போச்சுன்னு உங்க கணக்குக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப அத எழுதாதீக. இன்னொண்ணு. நாம பாத்தது அந்தக் கையில இருந்து எடுத்து, கிருமி வளக்குற தட்டுல வளந்த ஒரே ஒரு புள்ளி. அந்தக் கையில வேற வகையும் இருந்திருக்கலாம். அதையும் எழுதுங்க."

"அதையும் எழுதினா அந்தம்மாவ விடுவாங்களா மேடம்?"

"நமக்குத் தெரிஞ்சது எதுவோ அதத்தேன் எழுதணும். எழுதிட்டு நேராப் போய்ப் பேசுவோம்."

அறிக்கையில் ஐந்தே செய்திகள் இருந்தன. நர்ஸின் கையிலிருந்து எடுத்த கிருமி குழந்தைகளின் கிருமிக்குத் தாயாக இருந்திருக்க வாய்ப்பில்லை. அதுவே மற்றவற்றின் வழியில் இருந்து பின்னால் கிளைத்தது. அந்தக் கையிலிருந்து பார்த்தது ஒரே ஒரு புள்ளிதான், வேறு வகையும் இருந்திருக்கலாம். அவரைக் குற்றம் சொல்ல இந்த மாதிரிகளில் ஆதாரம் இல்லை. கிருமி இன்னும் வார்டுக்குள் இருப்பதாகக் கொண்டு உடனே செயல்பட வேண்டும். மேடம் அதை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு, என்னையும் அழைத்துக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். ஜெயராணியையும் வரச் சொல்லியிருந்தார்.

தலைமை மருத்துவர் அறிக்கையை இரண்டு முறை படித்தார். கெட்டவர் இல்லை. தூக்கமில்லாத முகம். தொலைபேசியை எடுத்து வார்டைக் காலி செய்யச் சொன்னார். வடிகாலை உடைத்து மாற்றச் சொன்னார். பிறகு சுவரோரமாக நின்ற ஜெயராணியைப் பார்த்து, "நாளையிலேருந்து டூட்டிக்கு வாங்கம்மா" என்றார். அவ்வளவுதான்.

ஜெயராணி அசையவில்லை. "அப்ப நான் குடுக்கல" என்றார் என்னைப் பார்த்து.

"நீங்க குடுத்ததா தெரியல. உங்களுக்குத்தான் அங்கேருந்து வந்திருக்கு" என்றேன்.

"வந்தது இப்பவும் இருக்கா சார்?"

அது எங்களில் யாருக்கும் தெரியாது. முதல் முறை எடுத்ததோடு சரி. அதற்குப் பிறகு அவர் கையை மறுபடி சோதிக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மருத்துவமனை அவரை வெளியே அனுப்பியதோடு மறந்துவிட்டது. நாங்களோ எது எதற்குத் தாய் என்று பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எனக்கு ஏழு மாசத்துல மக இருக்கா சார். கையில கிருமின்னு சொன்ன அன்னையில இருந்து அவளத் தொடல. எங்க அம்மாகிட்டக் குடுத்துட்டேன். பாலக் கூட நிறுத்திட்டேன். ஜன்னல்ல நின்னு பாத்துட்டு வந்துருவேன். என்னையப் பாத்தா அழுவுறா. இப்பத் தூக்கலாமா கூடாதா? அத யாராச்சும் சொல்லுங்களேன்."

உமையாள் மேடம் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அபூர்வம். ஜெயராணியைப் பக்கத்தில் உட்காரச் சொல்லி, மருத்துவமனை ஆய்வகத்திலிருந்து பஞ்சுக் குச்சிகளை வரவழைத்தார். அவரே ஜெயராணியின் விரல் இடுக்குகளையும் நகக்கண்களையும் உள்ளங்கையையும் துடைத்து எடுத்தார். இரண்டு கையிலும் எடுத்தார். "கொஞ்சம் பொறுத்துக்கம்மா. வளருதா இல்லையான்னு பாத்துத்தேன் சொல்ல முடியும். நானே சொல்றேன்" என்றார்.

அடுத்த நாள் தேன்மொழிக்கு வலி வந்துவிட்டது. தேவகோட்டைக்குத்தான் கூட்டிப்போனோம். வார்டை மூடிவிட்டார்கள் என்ற செய்தி அதற்குள் ஊருக்குள் வந்துவிட்டதால் சரசு மறுபேச்சுப் பேசவில்லை. "இதத்தேன் சொல்லாம இருந்தீகளா?" என்று மட்டும் காரில் கேட்டாள். நான் தலையாட்டினேன்.

பேத்தி பிறந்தாள். தாயும் பிள்ளையும் நலம். மறுநாள் காலை சரசு துணியில் சுற்றிய குழந்தையை என்னிடம் நீட்டினாள். நான் கையை நீட்டப்போனவன் இழுத்துக்கொண்டேன். நானும் அந்த மருத்துவமனைக்குப் போய் வந்தவன்தானே. அந்த அறையில் நாற்காலியை, கதவைத் தொட்டவன்தானே. கழுவிவிட்டு வருகிறேன் என்று போய்ச் சோப்புப் போட்டுக் கழுவினேன். வந்தேன். மறுபடியும் போய்க் கழுவினேன்.

"எத்தனை தடவதேன் கழுவுவீக? தோலு உரிஞ்சிரும். பிள்ளய வாங்குங்க" என்றாள் சரசு.

வாங்கவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும் என்றேன். அந்தப் பெண் இத்தனை நாளும் எப்படி இருந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

பத்து மணிக்குமேல் மேடத்திடமிருந்து போன் வந்தது. தட்டுகளில் எதுவும் வளரவில்லை. இரண்டு கையும் சுத்தம். "நான் ஒரு கூட்டத்துல இருக்கேன் பாலு. நானே சொல்றேன்னு சொன்னேன். ஆனா ஒரு நிமிசம்கூடத் தள்ளிப்போட வேணாம். நீங்களே கூப்பிட்டுச் சொல்லிருங்க" என்றார்.

வராந்தாவுக்கு வந்து ஜெயராணியை அழைத்தேன். முதல் மணியிலேயே எடுத்தார். அம்மா வீட்டு ஜன்னலுக்கு வெளியே நிற்கிறேன் என்றார்.

"அம்மா, ஆய்வகத்துல இருந்து பாலு பேசுறேன். ஒண்ணும் வளரல. ரெண்டு கையிலயும் இல்ல. பிள்ளையத் தூக்கலாம்."

போனை எங்கோ தரையில் வைத்துவிட்ட சத்தம் கேட்டது. பிறகு கதவு திறக்கும் சத்தம். "அம்மா, இங்குட்டுக் குடு அவள" என்று ஜெயராணியின் குரல் தூரத்தில் கேட்டது. குழந்தை வீறிட்டு அழுதது. வெகுநேரம் அழுதது. பிறகு அழுகை விட்டுவிட்டு வந்து, விக்கலாகி, அடங்கியது.

நான் போனை அணைத்துவிட்டு உள்ளே போனேன். சரசுவிடம் கையை நீட்டினேன்.